இன்வென்டிவ் ஸ்டெப்: சொல்லும் பொருளும்

காப்புரிமை (பேட்டன்ட்) வழக்குச் செய்திகளில் நாவல்ட்டி, இன்வென்டிவ் ஸ்டெப் என்ற இரண்டு சொற்களும் எப்போதும் சேர்ந்தே வரும். அதனாலேயே பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் தனித்தனிக் கேள்விகள். நாவல்ட்டி, 'இது முன்பே இருந்ததா?' என்று கேட்கிறது. இன்வென்டிவ் ஸ்டெப், 'இல்லை, சரி. ஆனால் தொழில் தெரிந்த எவருக்கும் இது தோன்றியிருக்காதா?' என்று கேட்கிறது. ஓர் இயந்திரத்துக்கான காப்புரிமை இரண்டையும் தாண்ட வேண்டும். ஒன்றில் தோற்றாலும் போச்சு.

இன்வென்ட் என்பதற்கு மூலம் இன்வெனீரே என்ற லத்தீன் வினை. 'எதிர்ப்பட்டுக் காண்பது' என்று பொருள். நம் 'கண்டுபிடி'யும் கிட்டத்தட்ட அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆனால் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லைச் சட்டத்தில் வைத்தால் சிக்கல் வரும். இயற்கையில் ஏற்கெனவே உள்ளதைக் கண்டறிவதையும், இல்லாததைப் புதிதாக ஆக்குவதையும் நாம் அதே சொல்லால் குறிக்கிறோம். இந்தியச் சட்டமோ கண்டறிதலுக்குக் காப்புரிமை தருவதில்லை. அதனால் இன்வென்ஷனுக்குப் 'புத்தாக்கம்' என்றும், இன்வென்டிவ் ஸ்டெப்புக்குப் 'புத்தாக்கப் படி' என்றும் எழுதுவதே நல்லது என்பது என் கருத்து. இங்கே படி என்பது செய்முறையின் ஒரு கட்டம் அல்ல, ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து மேலே எடுத்துவைக்கும் அடி. 'கண்டுபிடிப்பின் படிநிலை' என்று பெயர்த்தால் அந்தப் பொருள் காணாமல் போகிறது.

நாவல்ட்டிக்குப் 'புதுமை' போதும். இதில் விதி கறாரானது. புதுமை இல்லை என்று காட்ட, காப்புரிமைக் கோரிக்கையில் சொன்ன எல்லா அம்சங்களும் ஒரே பழைய ஆவணத்திலோ, ஒரே பழைய பயன்பாட்டிலோ இருக்க வேண்டும். ஒரு கேட்லாக்கிலிருந்து கியரையும் இன்னொரு வரைபடத்திலிருந்து ஸ்பிரிங்கையும் எடுத்து ஒட்ட முடியாது. அப்படி ஒட்டிப் பார்க்கும் வாதத்துக்குப் புத்தாக்கப் படிதான் இடம். அங்கேயும், அந்த இரண்டையும் சேர்க்க ஒருவருக்கு ஏன் தோன்றும் என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

இந்தியாவில் இதற்கு அடித்தளம் போட்டது ஒரு பாத்திர வழக்கு. மிர்சாபூரில் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரம் செய்யும் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், 1951 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. பாத்திரத்தை லேத்தில் மாட்டிச் சுரண்டி மெருகேற்றும்போது, அது பிடியிலிருந்து கழன்று பறந்துவிடுவது பழைய முறையின் தொல்லை. அதைத் தவிர்க்க, கூர்முனை கொண்ட ஒரு துண்டைப் பின்புறமிருந்து அழுத்தி, பாத்திரத்தைச் சுழலும் தலைக்கு எதிராகப் பிடித்துக்கொள்ளும் அமைப்பை அவர்கள் முன்வைத்தார்கள். காப்புரிமையும் கிடைத்தது. அதே ஊரில் இன்னொரு நிறுவனம் அந்த முறையில் வேலை செய்ய, வழக்கு வந்தது. எதிர்த்தரப்பு, 'இந்தக் காப்புரிமையே செல்லாது' என்று எதிர்வழக்குப் போட்டது.

அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கடைசியில் 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ரத்துதான் சரி என்றது. நீதிபதி சர்க்காரியா எழுதிய தீர்ப்பு, இந்தப் பிடிப்பு முறை பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான் என்றது. பழைய வேலைக்கே அதைச் சற்று மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள், இது ஒரு 'ஒர்க்ஷாப் இம்ப்ரூவ்மென்ட்'டுக்கு மேல் இல்லை என்றும் சொன்னது. அந்தத் தொடருக்குப் 'பட்டறைச் சீர்திருத்தம்' என்பது அப்படியே பொருந்தும். நல்ல மேஸ்திரி ஒருவர் வேலையின் போக்கில் செய்துகொள்ளும் திருத்தம். அதனால் வேலைக்குப் பயன் உண்டு. ஆனால் அதற்காக மற்ற பட்டறைகளைத் தடுக்கும் தனியுரிமை கொடுக்க முடியாது. காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது என்பதே அது செல்லும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது என்றும் அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

பிரிட்டனில் நடந்த விண்ட்சர்ஃபிங் வழக்கும் இதே ரகம். பாய்மரம் பொருத்திய பலகைக்கான காப்புரிமை அது. 1958இலேயே ஹெய்லிங் தீவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் அப்படியொன்றைச் செய்து கடலில் ஓட்டியிருந்தது சாட்சியத்தில் வந்தது. காப்புரிமையில் இருந்த கைப்பிடிக் கம்பு வளைந்தது, சிறுவனுடையது நேரானது. ஆனால் ஓட்டும்போது அந்த நேர்க்கம்பும் வில்லாக வளைந்தது! காப்புரிமை செல்லாமல் போனது. பெரிய நிறுவனத்தின் ஆவணம்தான் சாட்சியாக வேண்டும் என்பதில்லை. பலர் பார்க்க ஒரு சிறுவன் ஓட்டிய பலகையும் போதும்.

'தோன்றியிருக்காதா' என்று கேட்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் ஆப்வியஸ். லத்தீனில் 'வழியில் எதிர்ப்படுவது'. தமிழில் 'வெளிப்படையானது' என்பார்கள். 'எளிதில் தோன்றக்கூடியது' என்றால் இன்னும் பொருந்தும். யாருக்குத் தோன்ற வேண்டும் என்பதுதான் முக்கியம். மேதைக்கும் அல்ல, ஒன்றும் தெரியாதவருக்கும் அல்ல, அந்தத் துறையில் தேர்ந்த ஒரு சராசரி வல்லுநருக்கு. அதுவும் விண்ணப்பத் தேதியில். விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்கும் எளிதாகவே தெரியும். அதனால் பழைய ஆவணங்களைப் படிக்கும்போது புதிய இயந்திரத்தை மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். எதிர்ப்பு மனு எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பம் வெளியானபின் காப்புரிமை வழங்கப்படும்வரை யார் வேண்டுமானாலும் பிரிவு 25இன் கீழ் எதிர்க்கலாம். வழங்கிய செய்தி வெளியானபின் ஓராண்டுக்குள் எதிர்க்க, அதில் அக்கறையுள்ளவராக இருக்க வேண்டும். அந்த ஓராண்டு போய்விட்டால் பிரிவு 64இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரத்துக் கோரலாம், அல்லது நம்மீது வழக்கு வரும்போது மிர்சாபூர்க்காரர்கள் செய்ததைப்போல எதிர்வழக்குப் போடலாம். எந்த வழியில் போனாலும் கையில் உள்ள பழைய வரைபடம், கேட்லாக், புகைப்படம் எதுவானாலும், அதன் தேதியை நிரூபிக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.