பருந்துப் படம் மங்கியது எதனால்?

வட்டமிடும் பருந்தைப் படமெடுத்துத் தள்ளிவிட்டு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் மங்கலாக இருக்கும். பழி உடனே லென்ஸ் மேல் விழும். ஆனால் மங்கலிலும் வகை உண்டு. அது எந்த வகை என்பதைப் படமே காட்டிக்கொடுத்துவிடும்.

இறகுகள் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது அசைவு. ஃபுல் ஃபிரேம் கேமராவில் (ஒளியைப் பதியும் சென்சார் 36 மி.மீ. அகலம்) 600 மி.மீ. லென்ஸை மாட்டினால், 50 மீட்டர் தூரத்தில் படத்துக்குள் அடங்கும் அகலம் 3 மீட்டர்தான். நொடிக்கு 10 மீட்டர் போகும் பருந்து அதை 0.3 நொடியில் கடந்துவிடும். கேமராவைத் திருப்பாமல் எடுத்தால், ஷட்டர் திறந்திருக்கும் 1/2000 நொடியில்கூட பறவை 5 மி.மீ. நகர்ந்திருக்கும். 45 மெகாபிக்சல் சென்சாரில் அது கிட்டத்தட்ட 14 பிக்சல் இழுப்பு. பறவையோடு சேர்ந்து திருப்பினால் உடல் தெளிவாகும். ஆனால் மேலும் கீழும் அடிக்கும் இறக்கை நுனி தெளியாது. அதனால் மிதந்து போகும் பறவைக்கு 1/1600 நொடி ஷட்டர் வேகம் போதும், சிறகடித்துக் கிளம்பும் பறவைக்கு 1/3200 நொடி வேண்டும். பறவை எங்கே போய் முடியுமோ அந்தப் பக்கம் பாதங்களை ஊன்றிக்கொண்டு இடுப்போடு திரும்புங்கள். பட்டனை விட்ட பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் பாய்ந்து இறங்கும் பொரி வல்லூறு விஷயத்தில் ஷட்டர் வேகம் பெரிய கவலையே இல்லை. அதைப் படத்துக்குள் வைத்திருப்பதுதான் பாடு!

பின்னாலுள்ள மரம் துல்லியமாக இருந்து பறவை மங்கியிருந்தால், ஃபோகஸ் தாவிவிட்டது. தொடர் ஃபோகஸில், குறுக்கே ஏதாவது வந்தாலும் பிடியைச் சட்டென விடாதபடி டிராக்கிங்கை (பறவையைக் கேமரா பின்தொடரும் வசதியை) அமையுங்கள். பறவை இருக்கும் தூரத்திலுள்ள ஒரு மரத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து வைத்தால், லென்ஸ் முழுத் தூரமும் தேடி அலையாது. ஜூம் லென்ஸ் என்றால் முதலில் அகலமாக வைத்துப் பறவையைப் பிடித்து, பிறகு ஜூம் செய்து பெரிதாக்குங்கள்.

வால் தெளிவு, தலை மங்கல் என்றால் பறவை நம்மை நோக்கி வந்திருக்கிறது. அதே 600 மி.மீ. லென்ஸில், 20 மீட்டரில், f/5.6 என்ற துவார அளவில், ஃபோகஸ் ஆழம் (தெளிவாக விழும் முன்பின் தூரம்) சுமார் 37 செ.மீ.; ஒரு முழம்கூட இல்லை. தலை முதல் வால் வரை முழுப் பறவையும் அதற்குள் எப்படி அடங்கும்? கண் தெளிவாக இருந்தால் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாம்.

எதுவுமே தெளிவில்லாமல், விளிம்புகள் நெளிந்து இரட்டையாகத் தெரிந்தால் அது கானல். இதில் ஒரு வம்பு இருக்கிறது: தரை சூடாகி எழும் காற்றில்தான் பருந்துகள் மேலேறுகின்றன, அதே சூடுதான் படத்தைக் கெடுக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் இங்கே உதவாது. தூரத்தைக் குறைப்பது, சூடேறிய தரைக்கு மேலாகப் பார்க்காமல் இருப்பது, இவைதான் வழி.

மங்கலே இல்லை, ஆனால் பறவை கரிக்கட்டையாக இருக்கிறதா? பளீரென்ற வானத்தைப் பார்த்துக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் ஒளியைக் குறைத்துவிட்டது. ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு) கூட்டினால் சரியாகும். அதே பறவை இருண்ட காட்டின் முன் இறங்கியதும் வெளுத்துப்போகும். ஆகவே வெயில் மாறாத வரை, ஒளி அளவை நாமே நிர்ணயிக்கும் மேனுவல்தான் நல்லது. முன்பக்கம் முழு வெயில் விழும் பறவைக்கு f/5.6, 1/3200 நொடி, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 400 என்று தொடங்கலாம். உச்சிவெயிலில் இறக்கையின் அடிப்பக்கம் இருட்டாகத்தான் இருக்கும். சூரியன் தாழ்ந்திருக்கும்போதுதான் அங்கே ஒளி எட்டும்.

இறக்கை ரப்பர் போல வளைந்திருந்தால், சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிக்கும் எலக்ட்ரானிக் ஷட்டரின் வேலை அது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவை கிளம்பும் முன் பெரும்பாலும் எச்சமிடும், உடலைத் தாழ்த்தி முன்னால் சாயும். எழுவது அநேகமாகக் காற்றை எதிர்த்துத்தான். காற்றும் வெயிலும் உங்கள் முதுகில் படும்படி நின்றால் அதன் முகம் உங்கள் பக்கம் இருக்கும்.