பெட்டலாய்டு: சோடா பாட்டிலின் ஐயிதழ் அடி

அடுத்த முறை குளிர்பான பாட்டில் கையில் கிடைத்தால் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஐந்து கால்கள் பூவிதழ்போல விரிந்திருக்கும், நட்டநடுவில் ஒரு சின்ன முனை துருத்திக்கொண்டிருக்கும். பாட்டில் வடிவமைப்பவர்கள் இந்த அடியை 'பெட்டலாய்டு' என்கிறார்கள். வெறும் தண்ணீர் பாட்டிலில் பெரும்பாலும் இது இருக்காது. வாயு அடைத்த பானத்துக்குத்தான் இது தேவை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'பெட் பாட்டில்' என்பதில் உள்ள பெட், பாலிஎத்திலீன் டெரிப்தாலேட் என்ற பிளாஸ்டிக்கின் சுருக்கம். பெட்டலாய்டுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

பெட்டலாய்டு கிரேக்க வழி வந்த சொல். 'பெட்டலோன்' என்றால் கிரேக்கத்தில் இலை, மெல்லிய தகடு. விரிந்து பரந்தது என்பது அதன் அடிப்படைப் பொருள். 17ஆம் நூற்றாண்டில் தாவரவியலார் அதை லத்தீனாக்கிப் பூவிதழுக்குப் பெயராக வைத்தார்கள். தமிழிலும் இதே கதை உண்டு. உலோகத் தகட்டைச் சொல்லும் 'தகடு' பழந்தமிழில் பூவின் புறவிதழையும் குறித்தது. 'கருந்தகட்டு உளைப்பூ மருதின்' என்கிறது திருமுருகாற்றுப்படை. மெல்லியதாய்ப் பரந்த எதைப் பார்த்தாலும் இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றியிருக்கிறது. 'ஆய்டு' என்ற பின்னொட்டு 'ஐடோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வடிவம் என்று பொருள். ஆக, பெட்டலாய்டு என்றால் இதழ் வடிவானது.

சரி, பாட்டிலுக்கு எதற்குப் பூ?

அறை வெப்பத்தில் ஒரு குளிர்பான பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 4 பார். கார் டயரில் அடைக்கும் காற்றைப்போல இரண்டு மடங்கு. நம் கோலி சோடா பாட்டில் இந்த மாதிரி அழுத்தத்தைத் தடித்த கண்ணாடியால் தாங்கியது. அதனால்தான் அந்தக் கனம். பிளாஸ்டிக்கில் அந்தத் தடிமன் வைத்தால் விலையும் எடையும் எகிறிவிடும். டூபான்ட் நிறுவனப் பொறியாளர் நத்தானியல் வயத், பெட் பாட்டிலுக்கு 1973இல் காப்புரிமை பெற்றவர். தொடக்கத்தில் அவர் ஒரு காலி சோப்புத் திரவ பாட்டிலில் இஞ்சிச் சோடாவை ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாராம். காலையில் பார்த்தால் அது உப்பிப்போய்த் தட்டுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்கை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசைப்பட்டு வலுவேறும் என்பது அவர் கண்ட வழி. இன்றும் சோதனைக்குழாய் போன்ற சிறு குழலைச் சூடாக்கி, அச்சுக்குள் வைத்து, கம்பியால் நீட்டி, காற்றால் ஊதித்தான் பாட்டில் செய்கிறார்கள்.

உடம்பு இப்படி வலுவாகிவிட்டது. சிக்கல் அடியில்தான். தட்டையான அடியை வாயு வெளியே தள்ளிப் புடைக்கவைத்துவிடும், அப்புறம் பாட்டில் ஆடும். அழுத்தம் தாங்க மிகச் சிறந்த வடிவம் அரைக்கோளம். ஒரே விட்டம், ஒரே தடிமன், ஒரே அழுத்தம் என்றால், உருளைச் சுவரின் சுற்றுவாக்கில் விழும் இழுவிசையில் பாதிதான் கோளச் சுவரில் விழும். ஆனால் அரைக்கோளம் மேசைமேல் நிற்காதே! அதனால் தொடக்ககால 2 லிட்டர் பாட்டில்களுக்கு உருண்டை அடி வைத்து, வேறு பிளாஸ்டிக்கில் செய்த கிண்ணம் ஒன்றைக் கீழே ஒட்டினார்கள். எடை கூடியது, வேலை கூடியது. மறுசுழற்சியில் இரண்டு வகைப் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் தொல்லை வேறு.

ஐந்து கால் அடி அந்தக் கிண்ணத்தை ஒழித்தது. பார்ப்பவர் கண்ணுக்குக் கால்கள்தான் தெரியும். சுமையை அதிகம் தாங்குவது கால்களுக்கு இடையே, பக்கச் சுவரிலிருந்து நடுப்புள்ளிவரை வளைந்து இறங்கும் பட்டைகள். அவை அந்தப் பழைய அரைக்கோளத்தின் மிச்சம். நிற்பதற்கு இதழ், தாங்குவதற்கு இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். கால் மூன்றாக இருந்தால் எளிதில் சாயும். கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் ஒடுங்கி, ஊதும்போது பிளாஸ்டிக் அந்த அச்சின் மூலைவரை சரியாகப் போய்ச் சேராது. ஐந்து ஒரு சமரசம். நடுப்புள்ளிதான் இதில் பலவீனமான இடம். ஊதும்போது அது நீளாமல் தடித்தே நின்றுவிடுவதால், வலுவேறாத அந்த இடத்தை ஒட்டி விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'மலரடி' கேட்க அழகு, ஆனால் அது ஏற்கெனவே கடவுளுக்குப் போய்விட்டது. கலர் பாட்டிலுக்கு வைத்தால் பக்தர்கள் கோபிப்பார்கள். 'ஆய்டு' என்பதற்கு நேராகப் 'போலி' என்று போட்டு 'இதழ்ப்போலி' என்றால், கடைக்காரர் கள்ளச் சரக்கு என்று நினைப்பார். 'இதழடி' சுருக்கமானது, ஆனால் இதழ் என்றால் உதடும்தானே? பாட்டில் வாய்க்குக் கீழே உள்ள கழுத்தைச் சொல்வதாகக்கூடப் புரிந்துகொள்ளலாம். 'அல்லியடி' தாவரவியல்படி சரி, ஆனால் கேட்பவருக்குக் குளத்து அல்லிதான் நினைவுக்கு வரும்.

என் ஓட்டு 'ஐயிதழ் அடி'க்கு. எண் முன்னால் வந்ததும் உதடு விலகிவிடுகிறது, பூ நிற்கிறது. ஆறு கால் வைத்தால் 'ஆறிதழ் அடி' என்று மாற்றிக்கொள்ளலாம். பொதுவாகச் சொல்ல 'இதழ் வடிவ அடி' போதும். இடைப்பட்ட பட்டைகளுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம், தோல் வாரைச் சொல்லும் 'வார்' பொருந்தும். 'ஐயிதழ் அடியில் வார் ஒடுங்கினால் பாட்டில் புடைக்கும்' என்று எழுதிப் பாருங்கள், கிரேக்கம் தெரியாதவருக்கும் படம் கிடைக்கும்.