காதுக்குப் பழக்கம் கிடையாது

கடந்த வாரமும் அதே கதை. கொழும்பு பஞ்சிகாவத்தைப் பட்டறையொன்றில் கிரைண்டர் பிடிக்கும் ஐயா ஒருவர், "முதலில்தான் கஷ்டம் டொக்டர், இப்போது காது பழகிவிட்டது" என்றார், பெருமையாக. கூட வந்த மனைவியோ, தொலைக்காட்சிச் சத்தத்தால் பக்கத்து வீட்டாரோடு தினமும் சண்டை என்றார்.

காது பழகாது. உள்ளங்கை காய்த்துப்போவதுபோல் காது காய்த்துப்போவதில்லை. உட்செவியில் காதொன்றுக்கு சத்தத்தை உணரும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. செத்தவை மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலை மூளை பொருட்படுத்தாமல் விடலாம், காது அடி வாங்கிக்கொண்டேதான் இருக்கும். முன்பு உறைத்த சத்தம் இன்று உறைக்கவில்லையென்றால், அதைக் கேட்கவேண்டிய கலங்களே போய்விட்டன என்றும் பொருள்படலாம். வேலை விட்டு வந்ததும் காது அடைத்து, "ஙொய்" என்று இரைந்து, காலையில் சரியாகிவிடுகிறதா? அதுவும் பழக்கமல்ல, எச்சரிக்கை.

ஐயாவின் பரிசோதனை வரைபடத்தில் கோடு 4000 ஹேர்ட்ஸில், அதாவது கீச்சென்ற உயர்சுருதிச் சத்தங்களின் இடத்தில், பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலால் கெட்ட காதில் நாங்கள் முதலில் தேடுவது அந்தப் பள்ளத்தைத்தான். ஆண்குரல் கேட்கிறது, பேத்தி பேசினால் சத்தம் வருகிறது, சொல் விளங்கவில்லை.

சத்தத்தின் அளவை டெசிபெலில் சொல்வோம். 85 டெசிபெல் இரைச்சலில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம்தான் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும்; 100 டெசிபெலில் வெறும் 15 நிமிடம். கருவி வேண்டாம்: ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால் அந்த இடம் ஆபத்தானது.

பஞ்சை அடைத்துக்கொண்டு வராதீர்கள், அது காக்காது. நுரைக் காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே தொங்கினால் போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று. "ஐந்து நிமிட வேலைதானே" என்று கழற்றவும் வேண்டாம்.

காலி வீதி பஸ்ஸில் ஹோர்ன் சத்தத்தை வெல்ல ஹெட்போன் ஒலியைக் கூட்டும் பிள்ளைகளே, இறங்கியதும் குறைக்க மறந்துவிடுகிறீர்கள். பாதிக்கு மேல் போகாதீர்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: கல்யாண மண்டபத்தில் கைக்குழந்தையோடு ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்காராதீர்கள். குழந்தைக்கு எழுந்து போகவும் தெரியாது, சொல்லவும் தெரியாது.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போங்கள். நாள் தள்ளத் தள்ளச் சிகிச்சையின் பலன் குறையும்.