உறையில் இருக்கும் 14, உங்கள் 14 அல்ல

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி பிளாஸ்டிக் பையோடு கடைக்கு வந்தாள். பையில் பாதி தைத்த பூப்போட்ட கவுன், கூடவே துணி வெட்டும் மாதிரித் தாள் வைத்த ஒரு பழைய பேட்டர்ன் உறை. "அக்கா, ஜிப் ஏறவே மாட்டேங்குது. நான் அவ்வளவு குண்டாயிட்டேனா?"

குண்டெல்லாம் ஆகவில்லை. கடையில் 14 எடுப்பவள், உறையிலும் 14 என்று பார்த்து வாங்கிவிட்டாள். அந்த உறை 1950களின் தொடக்கத்தில் அச்சான அமெரிக்க உறை. அன்றைய 14 என்றால் மார்புச் சுற்றளவு 32 அங்குலம். 1956-க்குப் பிறகு அதே எண் 34 ஆனது. 1960களின் கடைசியில் 36. இவளுக்கோ 37.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடைக்கு இப்படி அழுதுகொண்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். இடுப்பைப் பிடித்து, கீழே வட்டமாக விரியும் அந்தக் காலத்துக் கவுன் மேல் பிள்ளைகளுக்கு ஆசை. ஆசையில் தப்பில்லை. எண்ணைப் பார்த்து வெட்டுவதுதான் தப்பு. உறையின் பின்பக்கம் மார்பு, இடுப்பு அளவுகள் அச்சாகியிருக்கும், அதைப் படியுங்கள்.

ஜாக்கெட் தைக்கும்போது நாம் எண்ணா கேட்கிறோம்? அளவு ஜாக்கெட்டைக் கொண்டு வா என்கிறோம். பேட்டர்னுக்கும் அந்தப் புத்தி வேண்டும். ஆனால் ஜாக்கெட் உடம்போடு ஒட்டி நிற்கும். கவுனுக்கு மார்பில் இரண்டு, மூன்று அங்குலத் தளர்வு வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும்போது முதுகுத் தையல் விடும்.

இன்னொன்று. மார்பு பெரிதாக உள்ளவர்கள் முழுச் சுற்றளவை வைத்துப் பேட்டர்ன் எடுத்தால் தோளும் கழுத்தும் தொளதொளவென்று தொங்கும். அக்குளுக்குக் கீழே, மார்புக்கு மேலே டேப்பைச் சுற்றி ஒரு அளவு எடுங்கள். அந்த அளவுக்குப் பேட்டர்ன் எடுத்து, முன்பாகத்தை மட்டும் விரித்துக்கொள்ளலாம். பழைய பேட்டர்ன்களில் டார்ட் முனையும், அதாவது மார்பு வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் கூம்பு மடிப்பின் முனையும், மேலே நிற்கும். அந்தக் காலத்து உள்ளாடை மார்பைத் தூக்கி நிறுத்தியது. நம்முடையது அப்படி இல்லை. முனையை உங்கள் மார்பு நிற்கும் இடத்துக்கு இறக்குங்கள். குட்டையாக இருப்பவர்கள் மேல்பாகத்தின் நீளத்தை இடுப்போரத்தில் வெட்டிக் குறைக்காதீர்கள். நடுவில் அதற்கென்று கோடு இருந்தால் அங்கே மடியுங்கள். கோடு இல்லாவிட்டால் டார்ட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே மடியுங்கள்.

இதையெல்லாம் நல்ல துணியில் செய்து பார்க்காதீர்கள். மலிவான பெலாச்சு துணியில், அதாவது வெளுக்காத பருத்தித் துணியில், மேல்பாகத்தை மட்டும் ஓட்டுத் தையல் போட்டு, போட்டுப் பாருங்கள். கையைத் தூக்குங்கள், உட்காருங்கள். நல்ல பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைப்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

சரி, அந்தத் தங்கச்சி கதை. பக்கத் தையலில் விட்டிருந்தது 5/8 அங்குலம்தான், பிரித்தாலும் போதாது. நல்லவேளை, கையில்லாத கவுன். மிச்சத் துணியில் அக்குளிலிருந்து இடுப்புவரை இரு பக்கமும் இரண்டரை அங்குலப் பட்டி இணைத்தேன். அக்குள் வளைவும் கூடவே அகலுமே, கை இருந்திருந்தால் அதையும் அல்லவா பிரிக்க வேண்டும்? பாவாடை முழு வட்டம் என்பதால் அங்கே வேலை சுலபம். உள்வட்டத்தில் முக்கால் அங்குலம் வெட்டினாலே இடுப்புச் சுற்று நாலரை அங்குலத்துக்கு மேல் கூடிவிடும். சுலபம் என்று இன்னும் அரை அங்குலம் வெட்டினீர்களோ, பாவாடை இடுப்பில் நிற்காது.

"இன்னைக்கே ஓரம் அடிச்சுக் குடுத்துடுங்கக்கா" என்றாள். மாட்டேன் என்றேன். வட்டப் பாவாடையில் துணியின் இழை மூலைவாட்டாக விழும் இடங்கள் தன் பாரத்தாலேயே இறங்கும். ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டோம். மறுநாள் அவளை ஸ்டூல் மேல் ஏற்றி, ஸ்டூல் பலகையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் அளந்தால், இடது பக்கம் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. "இது நேத்தே இருந்துச்சாக்கா?" என்றாள். வாயில் குண்டூசி இருந்ததால் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன்.