குதிரைக்குத் திமிரில்லை, முதுகு நோகுது

"குதிரைக்குத் திமிர் பிடிச்சிட்டுது, வந்து ஒருக்கா அடக்கித் தாங்கோ." சீசன் தொடங்கித் திருகோணமலையின் நிலாவெளி, உப்புவெளிக் கரையில் ஆள் கூடக்கூட இந்த அழைப்பும் கூடும். போய்ப் பார்த்தால் அநேகமாக ஒரே காட்சிதான். கடைவாய் கிழிந்திருக்கும். சேணத்தைக் கழற்றினால் உள்ளங்கை அகலத்துக்கு மயிர் உதிர்ந்திருக்கும், அல்லது அந்த இடத்தில் மட்டும் வெள்ளை மயிர் முளைத்திருக்கும். பக்கத்தில் ஒருவர் பூவரசந்தடியோடு நிற்பார்.

இந்தத் "திமிர்" என்ற சொல்லைத்தான் முதலில் தூக்கி எறிய வேண்டும். "அதுக்கு எல்லாம் விளங்கும், வேணுமெண்டுதான் செய்யுது" என்கிறார்கள். குதிரை இரவிரவாக யோசித்து உங்களைப் பழிவாங்கத் திட்டம் போடுவதில்லை. அது கணக்குப் பார்ப்பது ஒன்றைத்தான்: எதைச் செய்தபோது தொல்லை நின்றது? காலால் வயிற்றை அமத்துகிறீர்கள், அது ஒரு அடி முன்னே வைக்கிறது, கால் தளர்கிறது. முன்னே போனால் தொல்லை நிற்கும் என்று படித்துக்கொள்கிறது. அதே குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கி எழும்புகிறது, மேலே இருந்தவர் பயந்து இறங்குகிறார். எழும்பினால் தொல்லை முழுதாகவே நிற்கும் என்று அன்றைக்குப் படித்துக்கொள்கிறது. படிப்பித்தவர் நீங்கள். அடுத்த நாள் அது எழும்பியதும் "திமிர்" என்று தடியை எடுத்தால், எழும்பும்போது அடியும் விழும் என்ற பயம் மேலதிகமாகச் சேருமே தவிர, பழைய பாடம் அழியாது. பயந்த குதிரை இன்னும் உயரமாகத்தான் எழும்பும்.

இன்னொரு பிடிவாதம்: "வாயிரும்பை மாத்தினால் சரி." சாதாரண இரண்டு துண்டு இரும்புக்கு நிற்காத குதிரைக்கு நீண்ட கைபிடி வைத்த இரும்பு, அதற்கும் நிற்காவிட்டால் உள்ளே முள் வைத்த இரும்பு. வாயிரும்பு பிரேக் இல்லை. நாக்கையும், பல் இல்லாத இடத்து ஈறையும் அது அமத்துகிறது, அவ்வளவுதான். அந்த ஈறுக்கு அடியில் கத்தி விளிம்பு போல மெல்லிய தாடை எலும்பு. வலி வந்தால் தப்பி ஓடுவது குதிரையின் பிறவிக் குணம். வாய் வலிக்கு ஓடுகிற குதிரையின் வாயை இன்னும் நோகடித்து நிறுத்தப் பார்ப்பது என்ன வைத்தியம்?

பழக்கத்தைத் திருத்த முன்னர் உடம்பைப் பார்க்க வேண்டும். இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். சவாரியின்போது வலியைக் காட்டும் 24 நடத்தைகளை இங்கிலாந்து மிருக வைத்தியர் சூ டைசனின் குழு 2018 அளவில் பட்டியலிட்டது. காதைப் பின்னுக்கு ஒட்டவைப்பது, வாலை விசுக்குவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, தலையை ஆட்டுவது, வெறித்த பார்வை, அடிக்கடி இடறுவது எல்லாம் அதில் உண்டு. எட்டு அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, மூட்டு, தசை வலி இருக்கும் சாத்தியம் அதிகம். நம்மவர்கள் "குணம்" என்று சொல்லும் பட்டியலும் ஏறக்குறைய இதுதான்.

முதுகிலிருந்து தொடங்குங்கள். பிடரிமயிர் முடிகிற மேட்டிலிருந்து இடுப்பு வரை, முதுகெலும்புக்கு இரு பக்கமும் விரல் நுனித் தசையால் ஒரே சீராக அழுத்திக்கொண்டு போங்கள். நகத்தால் குத்த வேண்டாம், குத்தினால் நோகாத குதிரையும் துள்ளும். ஓரிடத்தில் தசை இறுகினாலோ முதுகு சட்டென்று கீழே இறங்கினாலோ அங்கே பிரச்சினை. பிறகு விரிப்பு இல்லாமல் சேணத்தை வையுங்கள். மேட்டெலும்புக்கும் சேணத்துக்கும் இடையில் இரண்டு, மூன்று விரல் போக வேண்டும். தோள்பட்டை எலும்புக்கு மேல் ஏறி உட்காரக் கூடாது. பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. நடுவில் கை நுழையும் இடைவெளி இருந்தால் முன்னும் பின்னும் மட்டும்தான் பாரம் இறங்குகிறது. சேணம் பொருந்தாவிட்டால் இன்னொரு விரிப்பு போடுவார்கள். காலைக் கடிக்கிற சப்பாத்துக்குள் இன்னொரு மேசு போடுகிற வேலை அது. அரை மணி நேரம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பாருங்கள்: சுற்றிவர வியர்வை, நடுவில் காய்ந்த திட்டு என்றால் அங்கேதான் அமத்துகிறது.

பாரம். நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டத்து முனை வரையான நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் பிரித்தால் கிலோவில் எடை கிட்டத்தட்ட வரும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் ஏறத்தாழ 265 கிலோ. சேணமும் ஆளும் சேர்த்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது: 53 கிலோ. சேணத்துக்கு 8 கழித்தால் ஆளுக்கு 45. அந்த மட்டக் குதிரையில் 90 கிலோ உல்லாசப் பயணியை ஏற்றி, அது பின்னங்காலை உதறினால் அதற்குப் பெயர் திமிராம்.

பல்லை வருடத்துக்கு ஒருமுறையாவது மிருக வைத்தியரிடம் காட்டி அராவ வேண்டும். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும், தலையாட்டுவது அதனால்கூட இருக்கலாம். குளம்பை 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை வெட்டிச் சீராக்க வேண்டும்.

வயிறு. குதிரையின் இரைப்பையில் அமிலம் நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும், ஆனால் அதைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போது மட்டும்தான் வரும். மாலை ஆறு மணிக்குக் கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு விடியும்வரை வெறுந்தொட்டி என்றால் இரைப்பைப் புண் வராமல் என்ன செய்யும்? வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருகிற குதிரைகளில் இதையும் சந்தேகியுங்கள். உடல் எடையில் 1.5 முதல் 2 வீதம் காய்ந்த புல் கணக்கில் நாளெல்லாம் மெல்லக் கிடைக்க வேண்டும். சவாரிக்கு முன் ஒரு பிடி புல் கொடுங்கள், அமிலம் மேலே தெறிக்காது. (தவிட்டை மட்டும் நம்பி வளர்ப்பவர்களுக்கு: அதில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. மாதக்கணக்கில் போனால் எலும்பிலிருந்து கல்சியம் கரைந்து முக எலும்பு வீங்கும்.) புல்லை வெறும் மணலில் கொட்டாதீர்கள். ஐந்தாறு சாண உருண்டையைத் தெளிந்த போத்தலில் தண்ணீரோடு குலுக்கி வையுங்கள். அடியில் மணல் படிந்தால் குடலிலும் மணல் இருக்கிறது, வயிற்றுவலி வரப்போகிறது.

ஒன்று மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டும். சாதுவாக இருந்த குதிரை ஓரிரு நாளில் திடீரென்று கடிக்கத் தொடங்கி, எச்சில் வடித்து, பின்னங்கால் தள்ளாடினால் அது பழக்கவேண்டிய விஷயமே இல்லை. விசர்நாய் கடித்திருக்கலாம். வாய்க்குள் கை விடாதீர்கள், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தேடவே தேடாதீர்கள். கட்டிவைத்து ஆட்களை விலக்கி மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

உடம்பு சரி என்று தெரிந்த பிறகுதான் பழக்கம்.

நுவரெலியாவில் ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரையை வாங்குகிறவர்கள் இதைக் கேளுங்கள். அதன் கடிவாள வாரைப் பிடித்து இழுத்தால் நிற்கும் என்று யார் சொன்னது? பந்தயத்தில் வார் இறுகினால் வாயிரும்பில் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடத்தான் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். ஜொக்கி அங்கவடியைக் கட்டையாகப் போட்டு மேலே குந்தியிருப்பதால், வயிற்றைச் சுற்றித் தொங்கும் கால் அதற்குப் புதிது. நடந்துகொண்டிருக்கும்போதே ஆளைத் தூக்கி மேலே போடுவதும் அங்கே வழக்கம், ஆகவே ஏறும்போது அசையாமல் நிற்க அதற்குத் தெரியாது. தெரியாத ஒன்றைச் செய்யாததற்கு அடிக்கிறோம். ஒரு மாதம், ஒன்றரை மாதம் சவாரி இல்லாமல் மேய விடுங்கள். தானியத்தை 7 முதல் 10 நாளில் படிப்படியாகக் குறையுங்கள்.

வேலை தரையில் தொடங்கும். மூஞ்சிக்கயிறும் மூன்று, நான்கு மீற்றர் கயிறும் போதும். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், விரல் போய்விடும். நட, நில், இரண்டு அடி பின்னே போ, பின்பக்கத்தை விலக்கு: இந்த நாலும் இலேசான சைகைக்கே வரவேண்டும். முதலில் சைகை, கேட்காவிட்டால் மெல்லிய அமத்தல், பிறகு கொஞ்சம் கூட. சரியான பக்கம் எடையைச் சாய்த்த அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். ஒரு செக்கன் பிந்தினால் அது வேறு எதையோ படித்துவிடும். ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. வட்டத்தில் ஓட்டுவதென்றால் 15 மீற்றருக்குக் குறையாத வட்டம், இரு பக்கமும் சமமாக, மொத்தம் 20 நிமிடத்துக்குள். "களைக்கும் வரை சுத்த விடுறன்" என்பவர்கள் மூட்டைக் கெடுத்து, இன்னும் நீண்ட நேரம் களைக்காமல் ஓடக்கூடிய குதிரையைத்தான் உண்டாக்குகிறார்கள்.

அடுத்து இரண்டு நீளக் கயிற்றோடு பின்னால் நடந்து ஓட்டுவது. அதற்குப் பிறகே ஏறுவது. ஒரு திட்டில் நின்று ஏறுங்கள், தரையில் நின்று இழுத்துத் தொங்கி ஏறினால் சேணம் முதுகைத் திருகும். ஏறும்போது கால் பெருவிரலால் விலாவில் குத்தாதீர்கள். அசைந்தால் ஏறாமல் பழைய இடத்துக்குக் கொண்டு வந்து மறுபடி. மேலே இருந்தபின் அரை நிமிடம் ஒன்றும் செய்யாமல் நிற்கப் பழக்குங்கள். முதற்கிழமை நடை மட்டும், பத்து நிமிடம்.

வீட்டுப் படலையைத் தாண்ட மறுக்கும் குதிரைக்கு, வெளியே வேலை, வீட்டில் சாப்பாடும் ஓய்வும் என்று கணக்கு. கணக்கை மாற்றுங்கள். வளவுக்குள் வேலை கொடுங்கள், தூரத்தில் சேணத்தைக் கழற்றிப் புல் கொடுத்துக் கையில் பிடித்து நடத்தி வாருங்கள், வந்ததும் அரை மணிக்குச் சாப்பாடு வேண்டாம். நான்காம், ஐந்தாம் நாளில் மறுப்பு முன்னைவிட மோசமாகும். இதுவரை பலித்தது பலிக்கவில்லையே என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. பலர் சரியாக அந்த நாளில்தான் "இது திருந்தாது" என்று இறங்கிவிடுகிறார்கள். இறங்கினால், இன்னும் பலமாகச் செய்தால் பலிக்கும் என்றல்லவா படித்துக்கொள்ளும்?

எழும்பினால் வாரைத் தளர்த்தி முன்னே சாய்ந்து கழுத்தைக் கட்டிப்பிடியுங்கள். இழுத்தால் இரண்டு பேரும் மல்லாக்க விழுவீர்கள். கால் நிலம் பட்டதும் ஒரு பக்கம் திருப்பி முன்னே நடத்துங்கள். பின்னங்காலை உதறும் குதிரை முதலில் தலையைத் தாழ்த்தும், தாழ விடாமல் முன்னே ஓட்டுங்கள். பிய்த்துக்கொண்டு ஓடினால் இரண்டு கையாலும் தொங்காதீர்கள், அது சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்தது போலாகும். ஒரு கையைக் கழுத்தில் ஊன்றி, மற்றக் கையால் இழுத்து விட்டு, இழுத்து விட்டு, பெரிய வட்டமாகத் திருப்பி வட்டத்தைச் சுருக்குங்கள். பாய்ச்சலில் சட்டென்று ஒடித்தால் மணலில் புரளும்.

கடலுக்குப் பயப்படும் குதிரையை நேராக அலைக்குள் தள்ளுகிற விளையாட்டை நிறுத்துங்கள். அதன் கண்ணுக்கு நிலமே நகர்கிறது. இருபது மீற்றர் தள்ளி, ஈரமணலில், கடற்பக்கமாக ஒரு பழகிய குதிரையை விட்டு நடத்துங்கள். காது நிமிர்ந்து கால் இறுகும்போதே, திரும்பி ஓட முன்னர், நீங்களாகவே விலக்கி எடுங்கள். அலை பின்வாங்கும்போது அதைத் தொடர்ந்து போக விடுங்கள், வரும்போது எதிர்க்க வேண்டாம். நமக்குக் கடல் கிழக்கே. காலை ஏழு மணி வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடிக்கும், முதற்பாடத்துக்கு மாலைதான் வசதி. கரைவலைக் கயிறு மணலில் தானாக ஊர்வதைக் கண்டு மிரளாத குதிரை அபூர்வம். வளவுக்குள் ஒருவர் பழைய கயிற்றை முன்னால் இழுத்துக்கொண்டு போக, குதிரை அதைத் துரத்துவதுபோல் பின்னால் நடக்கட்டும். விலகிப் போகிற பொருளுக்குப் பயம் குறைவு.

காய்ந்த ஆழ மணலில் ஓட்டம் வேண்டாம், காலின் தசைநாண் பிய்யும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்குப் பிறகு, மூன்றரைக்கு முன் சவாரியே வேண்டாம், தயவு செய்து. வேலை முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் இதயத் துடிப்பு 60க்குக் கீழே இறங்கவில்லையா, நிழலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். குடிக்கவும் கொடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஆகாது என்பது வெறும் கதை.

மல்லாக்க விழுந்த வரலாறு உள்ள குதிரையில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். அதை விற்கும்போது வாங்குகிறவருக்குச் சொல்லாமல் விடாதீர்கள்.

இனிக் கூப்பிட முன் போனில் மூன்று வீடியோ எடுத்து வையுங்கள்: கெட்டித் தரையில் கையில் பிடித்து நடையும் சிறு ஓட்டமும் பக்கவாட்டில், சேணம் போட்டு வயிற்று வாரை இறுக்கும்போது முகம், ஆள் ஏறி முதல் ஐந்து நிமிடம். கூடவே நெஞ்சுச் சுற்றளவு, ஒரு நாள் சாப்பாடு நேரத்தோடு, வாயிரும்பின் படம். தடியை அனுப்ப வேண்டாம்.