எருமையா, யானையா? மதுக்கரை கேமரா முடிவெடுக்கும் விதம்

"கோவை அருகே மதுக்கரையில் ரயில் பாதையோரம் வைத்திருக்கும் ஏஐ கேமரா, ராத்திரி மேயும் எருமையைப் பார்த்து யானை என்று சொல்லிவிடாதா?" என்று பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். சில சமயம் சொல்லும். அப்படிச் சொல்ல விடுவதுதான் சரி என்பது என் கருத்து.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போகும் ஏ லைன், பி லைன் என்ற இரண்டு ரயில் பாதைகளும் யானைகளின் வழித்தடத்தைக் குறுக்கே வெட்டுகின்றன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே மங்களூரு-சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே 12 கோபுரங்களில் வெப்பக் கேமராக்களையும் சாதாரணக் கேமராக்களையும் பொருத்தி இயக்கத் தொடங்கியது. யானை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும். அங்கிருந்து ரயில் ஓட்டுநருக்கும் வன ஊழியர்களுக்கும் எச்சரிக்கை போகும்.

சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிர் விடும் என்பது பள்ளிப் பாடம். 30 டிகிரியில் இருக்கும் உடல் சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில்தான் அதிகம் வீசும், வெப்பக் கேமரா அதைப் பிடிக்கிறது. ஆனால் பகலெல்லாம் வெயில் காய்ந்த பாறையும் ஜல்லியும் இரவிலும் சூடு விடும். அதனால் சூட்டை மட்டும் வைத்து யானையைக் கண்டுபிடிக்க முடியாது, உருவமும் வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கிய நியூரல் நெட்வொர்க் என்ற கணினி நிரல், முதலில் விளிம்புகளையும், பிறகு காது, தும்பிக்கை, முதுகு வளைவு போன்ற வடிவங்களையும் பிரித்துப் பார்க்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்த படி. இத்தகைய நெட்வொர்க் 'யானை', 'யானை இல்லை' என்று பதில் தருவதில்லை. 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண்தான் தருகிறது. புதருக்குப் பின்னால் பாதி மறைந்த யானைக்கு 0.58 வரலாம், கிட்டத்தில் நிற்கும் எருமைக்கு 0.61 வரலாம். (கணக்குக்காகச் சொல்லும் எண்கள் இவை.) எத்தனைக்கு மேல் போனால் மணி அடிப்பது? 0.7 என்று வைத்தால் எருமைத் தொல்லை இல்லை, ஆனால் யானையும் தப்பிவிடும். 0.5 என்று வைத்தால் இரண்டுக்கும் மணி அடிக்கும். இந்த இரண்டு படங்களையும் சரியாகப் பிரிக்கிற கோடு எங்கேயும் கிடையாது. கோட்டை எங்கே வைத்தாலும் ஒரு பக்கத் தவறு குறைந்தால் மறுபக்கத் தவறு கூடும்.

அப்படியென்றால் எந்தத் தவறு பரவாயில்லை என்று பார்க்க வேண்டும். பொய் மணி அடித்தால் ரயில் சில நிமிடம் தாமதமாகும். மணி அடிக்காமல் விட்டால் உயிர் போகும். மணிக்கு 45 கிலோமீட்டரில் வரும் ரயில்கூட நொடிக்கு 12.5 மீட்டர் தாண்டுகிறது, அத்தனை பெட்டிகளோடு நினைத்த இடத்தில் நிற்காது. ஆகவே கோடு தாழ்வாக இருக்க வேண்டும். ரொம்பவும் தாழ்ந்தால் அறையில் இருப்பவருக்கு மணி பழகிப்போய் அலட்சியம் வந்துவிடும். அதைத் தவிர்க்க ஒரே படத்தை நம்பாமல், அடுத்தடுத்த படங்களிலும் அதே உருவம் வருகிறதா, சாதாரணக் கேமராவும் அதையே காட்டுகிறதா என்று சேர்த்துப் பார்க்கலாம்.

கோட்டை எங்கே வைப்பது என்ற எண்ணைக் கணிதம் தராது, ஓர் அதிகாரியோ ஒப்பந்த நிறுவனமோ தேர்ந்தெடுக்கிறது. முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு என்று எங்கே கணினியை வைத்துச் சலித்தாலும் இப்படி ஒரு கோடு உள்ளே ஒளிந்திருக்கும், அங்கே தவறின் விலையை ஏழைகள் கொடுக்கிறார்கள். தெலங்கானாவில் கணினிக் கணக்கை நம்பி ரத்து செய்த ரேஷன் கார்டுகளை நேரில் போய் மறுபடி சரிபார்க்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று தமிழ்நாடு 2020இலேயே ஒரு கொள்கை வெளியிட்டது. ஒவ்வொரு துறையும் தன் கோடு எங்கே இருக்கிறது, அதை யார் வைத்தார்கள், எத்தனை முறை தவறியது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதையும் கட்டாயமாக்க வேண்டும். மதுக்கரையிலிருந்தே தொடங்கலாம்.