அரை மில்லிமீட்டர் சுவர் ஓர் ஆளை எப்படித் தாங்குகிறது?

நல்ல எஃகு ரேஸ் சைக்கிள் ஒன்றின் குழாயை நடுவில் அறுத்துப் பார்த்தால், அதன் சுவர் 0.5 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். பிரேம் மொத்தமும் சேர்த்து 2 கிலோவுக்குப் பக்கத்தில்தான் எடை. அதன்மேல் 70, 80 கிலோ ஆள் உட்கார்ந்து, பள்ளம் மேடு பார்க்காமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறார். ஒன்றும் ஆவதில்லை.

சைக்கிள் கடையில் நாம் முதலில் கேட்பது "இரும்பா, அலாயா, கார்பனா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் உலோகத்தின் பெயர் மட்டும் அந்தப் பிரேமைப் பற்றிப் பாதிகூடச் சொல்லாது. குழாய்கள் எப்படிச் சேர்கின்றன, எவ்வளவு பருமன், சுவர் எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்பதில்தான் மீதி விஷயம் இருக்கிறது.

இன்றைய சைக்கிளுக்கு அடித்தளம் போட்டது ரோவர் என்ற சைக்கிள். 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்தது. சக்கரங்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். ஆனால் அதன் பிரேம் இன்னும் வளைந்த குழாய்களாகவே இருந்தது. 1890-களில்தான் நாம் பார்த்துப் பழகிய வடிவம் நிலைத்தது: முன்னால் பெரிய முக்கோணம், பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய முக்கோணம் ஒவ்வொன்று. அதற்கப்புறம் எத்தனையோ பேர் எத்தனையோ வடிவங்களை முயன்றுவிட்டார்கள். தெருவில் ஓடுவது இன்னும் அதுதான்.

மெல்லிய குழாயை நீளவாட்டில் இழுத்தாலோ அழுத்தினாலோ வியக்கும் அளவுக்குத் தாங்கும். குறுக்கே வளைத்தால்தான் சீக்கிரம் தோற்கும். முக்கோணத்தில் பக்கங்களின் நீளம் மாறாதவரை கோணமும் மாறாது. அதனால் மேலிருந்து வரும் பாரம் பெரும்பாலும் இழுவிசையாகவும் அழுத்தமாகவும் குழாய்களில் பிரிந்துவிடுகிறது.

ஆனால் முன்பக்கத்தைக் கூர்ந்து பாருங்கள், அது முழு முக்கோணம் இல்லை. ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன் குழாய்க்கு ஒரு நீளம் இருக்கிறது. அதன் தலைப்பில் மேல் பாரும் அடியில் கீழ்க் குழாயும் வந்து சேர்கின்றன. ஆக மொத்தம் நாற்கரம். அங்கே வளைக்கும் விசை வந்தால் மூட்டுகள்தான் ஏற்க வேண்டும். சைக்கிள் நேராகச் சுவரிலோ வண்டியிலோ மோதினால், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஒரு நெம்புகோலாகி, முன் குழாயின் அடிப்பக்கத்தைப் பின்னால் தள்ளும். அப்போது கீழ்க் குழாயின் அடிவயிறு, முன் மூட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, நசுங்கி மடிப்பு விழும். பழைய சைக்கிள் வாங்குகிறவர்கள் அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அலை விரலுக்குத் தெரிந்துவிடும். பெயின்டில் குறுக்காக மெல்லிய வெடிப்புக் கோடு தெரிந்தாலும் அதே சந்தேகம்தான்.

பிரேமுக்கு இன்னும் பெரிய சோதனை பக்கவாட்டில் வருகிறது. பெடல் நடுக்கோட்டில் இல்லை, இடமும் வலமும் தள்ளி இருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் பெடல் அச்சு பொருந்தியிருக்கும் கூடு ஒரு பக்கம் சாயப் பார்க்கும், கீழ்க் குழாய் முறுக்கிக்கொள்ளும். செயின் வேறு வலதுபக்கம் மட்டும் இழுக்கிறது. எவ்வளவு இழுக்கும்? பெடல் மாட்டியிருக்கும் கை, அதாவது கிராங்க், 170 மில்லிமீட்டர், முன் பல்சக்கரத்துக்கு 44 பல் என்று வைத்துக்கொள்வோம். செயினில் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம் என்பதால் பல்சக்கரத்தின் ஆரம் சுமார் 89 மில்லிமீட்டர் வருகிறது. 170-ஐ 89-ஆல் வகுத்தால் 1.9. அதாவது மேட்டில் எழுந்து நின்று 70 கிலோ எடையை ஒரு பெடலில் இறக்கினால், செயினில் 130 கிலோவுக்கு மேல் இழுவிசை ஏறுகிறது. பின் அச்சை முன்னோக்கி இழுக்கும் அந்த விசையில் பெரும்பங்கை எதிர்த்து நிற்பது, வலதுபக்கம் செயினை ஒட்டிப் போகும் ஒல்லிக் குழாய்.

விசை எங்கே அதிகமோ அங்கே உலோகம் அதிகம் இருந்தால் போதாதா? இதை அழகாகச் செய்து காட்டியவர்கள் பர்மிங்காமில் ஆணி தயாரித்துக்கொண்டிருந்த ரெனால்ட்ஸ் குடும்பத்தார். குழாயின் வெளி அளவு முழுக்க ஒன்றாகவே இருக்க, உள்சுவர் இரண்டு முனையிலும் தடித்து நடுவில் மெலியும்படி குழாய் இழுக்கும் முறைக்கு 1897-இல் காப்புரிமை வாங்கினார்கள். முனையில் 0.8 மில்லிமீட்டர், நடுவில் 0.5 என்பது போன்ற அளவுகள் அப்படித்தான் வந்தன. மூட்டுக்குப் பக்கத்தில்தான் வளைவு விசை அதிகம். பற்றவைக்கும் சூட்டில் பலம் குறைவதும் அங்கேதான். நடுவில் இருக்கும் கூடுதல் உலோகம் வெறும் சுமை. 1935-இல் அவர்கள் கொண்டுவந்த 531 என்ற மாங்கனீசு-மாலிப்டினம் எஃகு, பல பத்தாண்டுகள் ரேஸ் சைக்கிள்களில் கோலோச்சியது.

சரி, இனி உலோகத்துக்கு வருவோம். எஃகின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல், அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். டைட்டானியம் சுமார் 110, அடர்த்தி 4.5. அலுமினியம் சுமார் 70, அடர்த்தி 2.7. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கும் ஏறக்குறைய 25 வருகிறது! எடைக்கு எடை பார்த்தால் மூன்றும் ஒரே அளவு விறைப்புதான். அப்படியானால் அலுமினிய பிரேம் எப்படி எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கிறது?

பதில் குழாயின் பருமனில் இருக்கிறது. மெல்லிய சுவர் கொண்ட குழாயின் வளையா விறைப்பு, விட்டத்தின் மும்மடியையும் சுவர்க் கனத்தையும் பெருக்கிய அளவில் கூடும். எடையோ விட்டத்தையும் கனத்தையும் பெருக்கிய அளவில் மட்டுமே கூடும். அதே எடையில் விட்டத்தை இரண்டு மடங்காக்கி, சுவரைப் பாதியாக்கினால் விறைப்பு நான்கு மடங்காகிறது. எஃகில் இதை அதிகம் செய்ய முடியாது. ஏற்கெனவே அரை மில்லிமீட்டர், அதையும் பாதியாக்கினால் காலியான குளிர்பான டின் மாதிரி ஒரு தட்டில் நசுங்கும். அலுமினியத்தின் அடர்த்தி மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் குழாயைப் பருமனாக்கியும் சுவரைப் போதிய கனத்தில் வைத்துக்கொள்ளலாம். எஃகு சைக்கிளின் கீழ்க் குழாய் காலங்காலமாக 28.6 மில்லிமீட்டர். அலுமினியத்தில் அது 40-ஐத் தாண்டிப் போவது இதனால்தான். பழைய எஃகுக் குழாய் அளவிலேயே செய்த ஆரம்பகால அலுமினிய பிரேம்கள் மிதிக்கும்போது தொளதொளவென்று நெளிந்தன. அமெரிக்காவில் கேரி கிளைன் போன்றவர்கள் 1970-களில் பருமனான குழாய்க்கு மாறிய பிறகுதான் அலுமினியத்துக்கு மரியாதை வந்தது.

எஃகுக்கு வேறொரு நல்ல குணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள விசையை அதன்மேல் எத்தனை கோடி முறை ஏற்றி இறக்கினாலும் அது அயர்ந்து வெடிப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படியொரு பாதுகாப்பு எல்லை கிடையாது, சின்ன விசையும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் தேவைக்கு மேல் பலமாகவே அதைச் செய்கிறார்கள். போதாக்குறைக்கு, 6061 வகை அலுமினியத்தை வெல்டிங் செய்தால் மூட்டருகே பலம் வெகுவாகக் குறையும். முழு பிரேமையும் உலையில் வைத்துச் சூடாக்கி, குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்திய பிறகே பலம் திரும்புகிறது.

கார்பன் பிரேம் முற்றிலும் வேறு ஜாதி. இழை நீளவாட்டில் மட்டும் பலம் கொண்டது என்பதால், எந்தத் திசையில் விசை வருமோ அந்தத் திசையில் துணி துணியாக அடுக்கிப் பிசினில் இறுக்குகிறார்கள். குழாயே தேவையில்லை, எந்த வடிவமும் வார்க்கலாம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் போர்ட்மன் தங்கம் வென்ற லோட்டஸ் சைக்கிளில் முக்கோணமே கிடையாது. ஆனால் கூரான அடி பட்டால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடலாம். தினசரி ஓட்டத்துக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

"எஃகு சைக்கிள் சொகுசு, அலுமினியம் முதுகை உடைக்கும்" என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். மேலும் கீழுமான திசையில் இந்த முக்கோண பிரேம் எந்த உலோகத்திலும் மிகக் கொஞ்சமே அமுங்கும். டயர் அதைவிடப் பல மடங்கு அமுங்குகிறது. அடுத்தபடியாக சீட்டும் சீட் தண்டும். சொகுசு வேண்டுமென்றால் அகலமான டயர் போட்டுக் காற்றை அளவாக வைப்பதுதான் முதல் வேலை.

நம் ஊர் கறுப்பு சைக்கிளை இந்தக் கண்ணோடு பார்த்தால் அதன்மேல் மரியாதை கூடுகிறது. ரோட்ஸ்டர் எனப்படும் இங்கிலாந்தின் கனமான தினசரி சைக்கிளின் வாரிசு அது. சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸும் வடக்கே லூதியானா ஆலைகளும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ரேஸ் சைக்கிளின் மெல்லிய குழாய் அதில் இல்லை. சாதாரண எஃகுப் பட்டையைச் சுருட்டி, விளிம்பை மின்சாரத்தால் பற்றவைத்த தடித்த குழாய்தான். மூட்டுகளில் எஃகு உறை மாட்டி, இடுக்கில் பித்தளையை உருக்கி விடுகிறார்கள். சுமார் 900 டிகிரியில் உருகும் பித்தளை அந்த மயிரிழை இடைவெளியில் தானாகவே இழுத்துக்கொண்டு பரவும். எஃகு உருகவே தேவையில்லை, குழாயின் பலமும் அதிகம் கெடுவதில்லை. பால் கேன், இளநீர்க் குலை, கேஸ் சிலிண்டர் ஏற்றுகிறவர்களுக்கு இரட்டை பார் வண்டியும் இருக்கிறது. மேல் பாருக்குக் கீழே இன்னொரு குழாய் ஓடி, அந்த நாற்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

லேடீஸ் சைக்கிளில் மேல் பாரைக் கீழே இறக்கிக் கீழ்க் குழாயோடு சேர்த்து ஓடவிட்டிருப்பார்கள். ஏறி இறங்க வசதி, ஆனால் முக்கோணம் போய்விட்டது. அதே விறைப்பு வேண்டுமென்றால் தடித்த குழாய் போட வேண்டும், எடை கூடும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பிய பெண்களும் இருந்தார்கள். மேல் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த நடைமுறைக் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். சீட்டில் கால் எட்டாத பிள்ளைகள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட முடிந்ததும், உயரமான அந்த பிரேமின் நடுவில் அவ்வளவு பெரிய வெற்றிடம் இருந்ததால்தான்.

பிரேமின் இன்னொரு வேலை, வண்டியை நேராகப் போகவைப்பது. ஹேண்டில் தண்டின் சாய்வைத் தரைவரை நீட்டினால், அது டயர் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் சில சென்டிமீட்டரில் விழும். அந்த இடைவெளி காரணமாக, சைக்கிள் ஒரு பக்கம் சாய்ந்தால் முன்சக்கரமும் அந்தப் பக்கமே திரும்பி வண்டியை நிமிர்த்தப் பார்க்கிறது. ரேஸ் சைக்கிளில் தண்டு 73 டிகிரி போல நிமிர்ந்து நிற்கும், கை பட்டாலே திரும்பும். ரோட்ஸ்டரில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 1 மீட்டருக்கு மேல் தூரம் இருக்கும். அதனால்தான் அது நிதானமாக, பாரத்தோடும் அலையாமல் போகிறது. சக்கரம் சுழல்வதால்தான் சைக்கிள் விழாமல் ஓடுகிறது என்று பலரும் நம்புகிறோம். 2011-இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, சுழற்சியின் விளைவையும் மேலே சொன்ன இடைவெளியின் உதவியையும் நீக்கிவிட்டே ஒரு சிறு சைக்கிளை ஆளில்லாமல் விழாமல் ஓடவைத்தது. எடை எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கும் இதில் பங்கு உண்டு என்று அதிலிருந்து தெரிந்தது.

பழைய சைக்கிளின் பிரேம் கோணியிருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் வலது பிளவில் நூலின் ஒரு முனையைக் கட்டி, முன் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து இடது பிளவில் இழுத்துக் கட்டுங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் கவலையில்லை. அதற்கு மேல் போனால், எஃகு பிரேமை நல்ல மெக்கானிக் நெம்பி நேராக்கிவிடுவார். அலுமினியமோ கார்பனோ என்றால் நெம்ப விடாதீர்கள்.